பேர் வெட்டாத சட்டிகள்

அம்மாவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவுமலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, "அமைதியா ஒரு கட்டுரை எழுது" என்றுதான் அண்ணா என்னைக் கேட்டவர். எனக்கு ஏலாது. அம்மா அமைதியாக இருந்துதான் நாங்கள் எல்லோரும் தப்பினோம்.

அம்மா சாம்பல்தீவில் ஒரு கடற்றொழிலாளரின் இரண்டாவது மகளாகப் பிறந்தார். சைக்கிளில் திருகோணமலை நகரத்துக்கு வந்து படித்தார். இளவயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, வீட்டில் கதவும் இல்லை, குசினியில் ஒரு சட்டியும் இல்லை. வேறொரு முற்றத்தில் தங்கள் சோற்றுப்பானை கவிழ்ந்திருந்ததைக் கண்டு போய்க் கேட்டிருக்கிறார். "உங்கட பேரா எழுதியிருக்கு?" என்றாராம் அந்த வீட்டுக்காரர். அம்மா வெறுங்கையோடு திரும்பினார். இதை எனக்கு ஒரேயொரு தடவை, சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பெருவிரல் தடிப்பேயுள்ள சுழல் கருவியைப் பேனை போலப் பிடித்து, பொய்ப்பற்களைத் தேய்த்துப் பொருத்தமாக்குவார். மணமுடித்து உப்புவெளிக்கு வந்த பிறகும், அப்பா காலமான பிறகும், அந்தக் கைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஓய்வுபெற்றதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: அப்படியொரு கைமிசின். எங்கள் பகுதியில் செத்தவீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுபோவார்கள். பிறகு எது யாருடைய சட்டி என்று குழப்பம். நெயில் பொலிஷால் வைத்த புள்ளி நாலு கழுவலில் போய்விடும். "எல்லாற்ற சட்டியிலும் பேர் வெட்டிக் குடுக்கலாம் பிள்ளை" என்றார்.

நானும் மாமாவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். நான் பொறியியல் படிப்பவள். ஒரு கிழமையாகக் காணொளிகள் பார்த்து மண்டையை நிரப்பி வைத்திருந்தேன். கடைக்காரர் மாமாவோடு மட்டும்தான் கதைத்தார்.

"வேகத்தை நல்லாக் குறைக்க ஏலுமா தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"இது இரும்பையே வெட்டுமம்மா" என்றார் அவர், மாமாவைப் பார்த்து.

"நான் இரும்பு வெட்டேல்லை, பேர் எழுதப்போறன். பேனை மாதிரிச் சின்னது இருக்கோ?"

"அக்கா, அது சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான். வாங்கிறதை ஒருக்கா உருப்படியா வாங்குவம்" என்றார் மாமா.

நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "பவர் கூடினதுதான் நல்லம் அம்மா, நான் பாத்தனான்."

வாழ்நாளில் பாதி அந்தச் சாமானைக் கையில் பிடித்தவருக்கு, ஒரு எழுத்தும் வெட்டிப் பாராத நாங்கள் படிப்பித்தோம்! அம்மா "பரவாயில்லை" என்றார். அந்தச் சொல்லை இப்போது யார் சொன்னாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

மிசின் முழுத் தேங்காய்போலப் பாரம். ஆகக் குறைந்த வேகத்திலும் துள்ளியது. பக்கத்துவீட்டு றோஸ் அன்ரியின் சட்டிமூடியில் முதல் எழுத்திலேயே வழுக்கி, குறுக்கே நீளமாக ஒரு கீறல். "ஐயோ, என்ர மூடிக்கு மீசை வைச்சிட்டியள்!" என்று அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்து, பெரிய கோணல் எழுத்துகளாக வெட்டினார். பின்னேரம் மணிக்கட்டு வீங்கியிருக்கும். "வயசுபோன நேரத்தில உதென்ன விளையாட்டு?" என்று கேட்டவர்களும் வெட்கமில்லாமல் தங்கள் சட்டிகளை அனுப்பினார்கள். இதை வாசிக்கிறீர்கள்தானே? உங்களைத்தான் சொல்கிறேன்.

எங்கள் சட்டிகளை மட்டும் அம்மா தொடவில்லை. "எங்கடைக்குச் சின்ன எழுத்தில, வடிவா, உன்ர பேரும் அண்ணான்ர பேரும் வெட்டவேணும். இதால ஏலாது." அடுத்த விடுமுறைக்குப் பார்ப்போம் என்றேன். அதற்கடுத்த விடுமுறைக்கும் அதைத்தான் சொன்னேன்.

கடைசியில் சின்ன மிசினை நான் கொண்டுவந்தபோது அம்மா நோயில் படுத்துவிட்டார். கையில் வைத்தேன். விரல்கள் தாமாகவே பேனைபோல அதைப் பிடித்தன. "ஓம், இதுதான்" என்றார். முடுக்கிப் பார்க்கப் பலம் இல்லை. அடுத்த கிழமை இறைவனடி சேர்ந்தார்.

எங்கள் வீட்டுக்கும் சாப்பாடு வந்தது. எல்லாச் சட்டியிலும் அம்மாவின் கோணல் எழுத்து. எட்டாம் நாள் அவரவர் தங்கள் பேரைப் பார்த்து, ஒரு குழப்பமும் இல்லாமல் எடுத்துப் போனார்கள். வந்தவர்களுக்கு நாங்கள் மிஞ்சிய சோறும் கறியும் போட்டுக் கொடுத்துவிட்ட எங்கள் சட்டிகள்தான் ஆறு திரும்பி வரவில்லை.

சமைத்துத் தந்தவர்களுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், அம்மாவின் கட்டிலை விட்டு அசையாத றோஸ் அன்ரிக்கும் எங்கள் நன்றி. "என்ர பிழையையும் எழுது பிள்ளை" என்று சொன்ன மாமாவுக்கும் நன்றி. எழுதிவிட்டேன் மாமா, என்னுடையதோடு சேர்த்து.

ஒரு வேண்டுகோள். உங்கள் குசினியில் பேர் இல்லாத சட்டி ஒன்று கிடந்தால், அது எங்களுடையது. மற்ற எல்லாவற்றிலும் அம்மா பேர் வெட்டிவிட்டார். கொண்டுவந்து தாருங்கள். அம்மாவிடம் அன்று கேட்ட அந்தப் பழைய கேள்வியை எங்களிடமும் கேட்டுவிடாதீர்கள். ஒரு மாதமாகப் பழைய தகரத்தில் சின்ன மிசினால் எழுதிப் பழகுகிறேன். எழுத்து இப்போது நேராக வருகிறது. வருகிற முதல் சட்டியில் எங்கள் பேர் இல்லை, அம்மாவின் பேர்தான்.