பிள்ளையாரின் உண்டியலுக்குள் போன ரயில் ரிக்கெற்

சென்ற மாரி தொடங்கிய நேரம் அது. கொழும்பில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம். மருதனார்மடத்தில் எங்கள் பசு இன்றோ நாளையோ கன்று போடும் என்ற நிலையில் நின்றதால் வீட்டுக்காரர் வரவில்லை. நான் தனியாகப் போய், கலியாணத்தைப் பார்த்து முடித்து, ஒரு பை நிறையப் பலகாரத்தோடு வெள்ளிக்கிழமை காலை ரயிலில் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கையில் குருநகர்ப் பெண் ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். சந்தையில் மீன் விற்பவள், வீட்டில் இருக்கிற நேரம் கிழிந்த வலை பொத்துபவள். தாதிப் பயிற்சிக்குப் போன மகளைக் கொழும்பில் விட்டுவிட்டு வருகிறாள். ரயில் வெளிக்கிட்டு அரை மணித்தியாலத்துக்குள் அவளுடைய குடும்பக் கதை முழுவதும் எனக்குத் தெரியும், என்னுடையது அவளுக்குத் தெரியும்.

அனுராதபுரம் தாண்டி ஒரு காட்டுக்குள் ரயில் நின்றது. மழையில் முன்னால் எங்கோ பெரிய மரம் ஒன்று தண்டவாளத்தில் விழுந்து கிடக்கிறதாம். ஒரு மணித்தியாலம் ஒருவரும் கவலைப்படவில்லை. இரண்டாவது மணித்தியாலத்தில் பிள்ளைகள் அழத் தொடங்கின. மூன்றாவதில் பெரியவர்கள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். நான் பலகாரப் பையை அவிழ்த்து முன்னுக்கும் பின்னுக்கும் இருந்தவர்களுக்குப் பயற்றம் பணியாரம் கொடுத்தேன். அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாணும் கணவாய்ப் பிரட்டலும் நீட்டினாள்.

"இண்டைக்கு வெள்ளி, தங்கச்சி. நான் மச்சம் தொடமாட்டன்" என்றேன்.

"கடலிலை காய்க்கிற கத்தரிக்காய் எண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோ அக்கா. பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

நான் சாப்பிடவில்லை. ஆனால் சிரித்த சிரிப்பில் பசி போய்விட்டது.

நாலு மணித்தியாலத்துக்கு மேல் போனதும் எனக்கும் பொறுமை கெட்டது. எந்தப் பயணம் போனாலும் கைப்பைக்குள் இரண்டு மூன்று மஞ்சள் துணித் துண்டு வைத்திருப்பேன். எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் நடக்கவேண்டுமென்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சுவாமிக்கு நேர்ந்துகொள்வோம். காரியம் நடந்ததும் அந்த முடிச்சைக் கோயில் உண்டியலில் போட்டுவிடுவோம். ஒரு குற்றிக்காசை எடுத்துத் துணிக்குள் வைத்து, "பிள்ளையாரே, இந்த ரயிலை அசைத்துவிடப்பா" என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நானும் சும்மா இருக்கேலாது. உங்கடை ஆளுக்குக் காசு, எங்கடை அந்தோனியாருக்கு ஒரு பெட்டி மெழுகுதிரி. ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கட்டும்" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அரை மணித்தியாலத்துக்குள் ரயில் அசைந்தது. எங்கள் பெட்டியில் கைதட்டல்.

"பாத்தியோ, எங்கடை பிள்ளையார்!" என்றேன்.

"முன்னாலை நிண்டு இழுத்தது உங்கடை ஆள்தான், யானையெல்லோ. பின்னாலை தள்ளினது எங்கடை ஆள்."

யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது ஆறு மணித்தியாலம் பிந்திவிட்டது. வழக்கமாக வாசலில் ரிக்கெற்றை வாங்கிவிடுவார்கள். அன்றைக்கு அங்கே நின்ற உத்தியோகத்தர் ஒவ்வொரு ரிக்கெற்றின் பின்னாலும் பிந்திய நேரத்தை எழுதி, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். ஆசனம் பதிவு செய்து வந்தவர்கள் பதினாலு நாளுக்குள் விண்ணப்பித்தால் ஒரு பகுதிக் காசு திரும்பக் கிடைக்குமாம்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அந்தோனியாற்றை மெழுகுதிரிக்குக் காசு வந்திட்டுது! பிந்தினதுக்கு வாற காசு, பிந்தினதுக்கு வைச்ச நேர்த்திக்கே போகட்டும். ஆனா அக்கா, எனக்கு விடியச் சந்தை. இஞ்சை வந்து நிக்க ஏலாது. நீங்கள் என்ரையையும் சேர்த்துக் குடுப்பியளோ?"

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். என்றாலும் ஒருத்தி நம்பிக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு ரிக்கெற்றையும் வாங்கி மடித்தேன். எங்கே வைப்பது? கைப்பைக்குள் போட்டால் பலகாரத்து எண்ணெய் பட்டுவிடும். அப்போதுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. மஞ்சள் துணியை விரித்து, நேர்த்திக்காசோடு ரிக்கெற்றுகளையும் வைத்தேன்.

"சுவாமிக் காசோடை கிடந்தால் ஒருநாளும் தொலையாது, தங்கச்சி."

"அது சரி" என்று அவளும் தலையாட்டினாள். ஆனால் நான் போட்ட முடிச்சைப் பார்த்துவிட்டு, "உதென்ன முடிச்சு அக்கா? உந்த முடிச்சை நம்பி வலை போட்டால் மீனெல்லாம் சிரிச்சுக்கொண்டு போகும். தாங்கோ இஞ்சை" என்று பறித்து, வலைக்குப் போடுகிற முடிச்சைத் தன் கையால் போட்டுத் தந்தாள். பல்லால் இழுத்தாலும் அவிழாத முடிச்சு.

அடுத்த நாள் விடிய எழும்பினேன். பசு நல்ல நாம்பன் கன்று ஒன்று போட்டிருந்தது. தோய்ந்து, பிள்ளையார் கோயிலுக்குப் போய், கற்பூரம் கொளுத்தி, சுகமாகக் கொண்டுவந்து சேர்த்த பெருமானுக்கு நன்றி சொல்லி, மஞ்சள் முடிச்சை உண்டியலுக்குள் போட்டேன். அது விழுந்த சத்தம் கேட்டு என் மனமும் குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் கேட்டார்: "இஞ்சேரும், ரெயின் பிந்தினதுக்குக் காசு குடுக்கினமாமே. ரிக்கெற்றை வைச்சிருக்கிறீரோ?"

தேத்தண்ணி கோப்பையைத் தாண்டி வழிந்தது.

நடந்ததைச் சொன்னேன். இவர் சிரிக்கத் தொடங்கியவர் கன்றுக்குட்டி வெருண்டு எழும்பும்வரை நிறுத்தவில்லை. "பெருச்சாளியிலை போறவருக்கு ரெயின் ரிக்கெற் என்னத்துக்கப்பா?" என்றார். எனக்கோ அழுகை வந்துவிட்டது. என் ரிக்கெற் போனால் போகட்டும். மற்றது அவளுடையது. என்னை நம்பித் தந்தது. அதுவும் அந்தோனியாருக்கு என்று நேர்ந்தது.

திங்கட்கிழமை ஸ்ரேசனுக்குப் போய்க் கேட்டேன். யன்னலுக்கு உள்ளே இருந்த உத்தியோகத்தர் இளம் ஆள், நல்ல பணிவு. ஒரு படிவம் தந்தார். அடையாள அட்டைப் பிரதி வேண்டும் என்றார். மற்ற ஆளுக்காக நான் கொடுப்பதென்றால் அந்த ஆள் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலே முத்திரை குத்திய ரிக்கெற் வேண்டும் என்றார்.

"ரிக்கெற் இல்லாமல் ஒண்டும் செய்யேலாதம்மா. துலைச்சுப் போட்டியளோ?"

"இல்லைத் தம்பி. மிச்சம் பத்திரமான இடத்திலை இருக்கு."

"அப்ப எடுத்துக்கொண்டு வாங்கோவன்."

எடுக்கத்தான் வழியில்லை என்று எப்படிச் சொல்வது? படிவத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு சபைத் தலைவரிடம், மற்றது பொருளாளரிடம். திருவிழாவுக்கு முன்னால் ஒருதரம், எல்லாரும் பார்க்க, இருவரும் சேர்ந்து திறப்பார்கள். திருவிழாவுக்கு இன்னும் ஆறு மாதம். பொருளாளரோ மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கனடா போய்விட்டார்.

தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், கண்டிப்பான ஆள். "ரெண்டு ரிக்கெற்றுக்காக உண்டியல் திறக்கிறதோ? நாளைக்கு ஒருத்தி வந்து, ஐயா என்ரை தோடு விழுந்திட்டுது எண்டுவாள். நாளையிண்டைக்கு இன்னொருத்தன் பல்லுச்செற் விழுந்திட்டுது எண்டுவான்."

"எனக்கெண்டால் கேட்கமாட்டன் ஐயா. மற்றது குருநகர்ப் பிள்ளை ஒண்டின்ரை. அந்தக் காசிலை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறன் எண்டு நேர்ந்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அப்பிடியெண்டால் அது எங்கடை உண்டியலிலை கிடக்கக் கூடாது" என்றார். "ஆனா ஒரு கதை. மற்றச் சனத்தின்ரை நேர்த்தி முடிச்சு ஒண்டையும் அவிழ்க்க விடமாட்டன். உம்முடையது எதெண்டு அவிழ்க்காமல் காட்டவேணும்."

நான் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ஊர்ச் சனம் எல்லாமே மஞ்சள் துணியில்தானே காசு முடிகிறது! அதற்குள் என்னுடையதை எப்படிக் காட்டுவேன்?

கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். திறப்பு தன் வீட்டுச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் தொங்குகிறது, வீட்டுத் திறப்பு சாவகச்சேரியில் மச்சாள் வீட்டில் இருக்கிறது என்றார் பொருளாளர். இவர் மழைக்குள் மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரி போய் வந்தார். போகும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "வேறை என்னென்ன போட்டனீர் உள்ளுக்கை? இப்பவே சொல்லும். இன்னொருக்கா என்னாலை ஓடேலாது" என்று கேட்டார்.

இனி அவளிடம் சொல்லவேண்டும். ரயிலில் அவள் தந்த தொலைபேசி இலக்கத்தை மூன்று தரம் அழுத்தி மூன்று தரமும் வெட்டிவிட்டேன். நாலாம் தரம் நான் வெட்ட முன்னம் அவள் எடுத்துவிட்டாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு சிரிப்புத்தான் வெடித்தது. சந்தை இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

"என்ரை ஆண்டவரே! அக்கா, எங்கடை அந்தோனியாருக்கு என்ன வேலை எண்டு தெரியுமோ? துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறதுதான். அவற்றை மெழுகுதிரிக் காசே துலைஞ்சால் அவர் சும்மா இருப்பாரோ? எப்ப திறக்கினம்? நானும் வாறன்."

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, பின்னேரப் பூசைக்கு முன்னால் உண்டியல் திறந்தார்கள். செய்தி பரவி இருபது முப்பது பேர் வந்துவிட்டார்கள். அவள் தோய்ந்து, பூ வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே தயங்கி நின்றாள். "ஏன் வெளியிலை நிக்கிறீர் பிள்ளை? உம்முடைய சாமானும் உள்ளைதானே கிடக்கு" என்று தலைவரே கூப்பிட்டார்.

பாயில் உண்டியலைக் கவிழ்த்தார்கள். காசுக்கு நடுவே மஞ்சள் முடிச்சுகள். ஐம்பது இருக்கும். அத்தனையும் ஒரே நிறம், ஒரே அளவு. நான் குனிந்து பார்த்தேன். இதுவோ அதுவோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு முடிச்சைத் தொட்டேன். "அது என்ரை!" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். கையை எடுத்துவிட்டேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"விலகுங்கோ அக்கா" என்று அவள் எனக்குப் பக்கத்தில் குந்தினாள். மீன் தெரிந்தெடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் முடிச்சுகளை மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கினாள்.

"இது என்ரை கை."

தலைவர் வாங்கி அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. இவர் முயன்றார். முடியவில்லை. ஐயரும் ஒருக்கால் முயன்று பார்த்தார். எல்லாரும் களைத்த பிறகு அவள் வாங்கி, எங்கோ ஓர் ஓரத்தை நகத்தால் தட்டி ஓர் இழுப்பு இழுத்தாள். முடிச்சு பூ விரிகிற மாதிரி விரிந்தது. உள்ளே என் குற்றிக்காசும் இரண்டு ரிக்கெற்றும். ஐயர் அந்தக் காசை எடுத்து, "பிள்ளையார் தன்ரை பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுவார்" என்று உண்டியலுக்குள் திரும்பப் போட்டார். ஆரோ கைதட்டினார்கள். எனக்கு அந்த ரயில் அசைந்த நேரம் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் அவள் சந்தையை விட்டுவிட்டு வந்தாள். இருவருமாக ஸ்ரேசனுக்குப் போனோம். உத்தியோகத்தர் ரிக்கெற்றை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஓரமெல்லாம் விபூதி, கற்பூர வாசம்.

"எங்கையம்மா வைச்சிருந்தனீங்கள்?"

"பிள்ளையாரிட்டை, தம்பி. எடுத்துத் தந்தது அந்தோனியார்."

"அப்ப மேலிடத்துச் சிபாரிசோடைதான் வந்திருக்கிறியள்" என்று சிரித்துக்கொண்டே படிவத்தில் முத்திரை குத்தினார். அதன் பிறகும் படிவத்தில் ஓர் இடம் பிழை என்று ஒருதரம் கூப்பிட்டார்கள். கையெழுத்துக்கு என்று இன்னொருதரம் கூப்பிட்டார்கள். ஒவ்வொருதரமும் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். ரோல்ஸ் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, கதைத்துவிட்டு வருவோம். காசு வர மூன்று மாதத்துக்கு மேல் போனது. வந்த காசை விடத் தேத்தண்ணிச் செலவு கூட என்று இவர் பகிடி பண்ணுவார்.

காசு வந்த அன்று ஒரு பெட்டி மெழுகுதிரி வாங்கிக்கொண்டு குருநகர் போனோம். அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் அவள் பாதி கொளுத்தினாள், மீதியை என் கையில் தந்தாள். சைவக்காரியான நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு சுருவத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்து எங்கள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்தாள். ஒரே அடியில் இரண்டு சரிபாதி.

இப்போது நேர்த்திக்காசு முடியும்போது அவள் பழக்கிய வலை முடிச்சைத்தான் போடுகிறேன். போட வரும், அவிழ்க்க இன்னும் வரவில்லை. அதற்கு அவளைத்தான் கூப்பிடவேண்டும். அன்றைக்கு ரயில் நேரத்துக்கு வந்திருந்தால், பக்கத்தில் இருந்தவளோடு கதைத்த கதையை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போயிருப்பேன் என்று நினைக்கும்போது, பிந்திய அந்த ஆறு மணித்தியாலத்துக்கு எனக்கு ஒருவரும் ஒன்றும் தரத் தேவையில்லை, நான்தான் கடவுளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தோன்றுகிறது.