வாயால் பார்க்கிறவர்

எங்கள் தீவில் படகு எஞ்சினைப் பிரித்து, வால்வுகளில் படிந்த கரியைச் சுரண்ட ஒரே ஆள்தான் இருந்தார். பாசியோ. வயதில் சின்னவர்கள் நோங் பாசியோ என்போம். அண்ணன் என்கிற மரியாதை அதில் உண்டு.

எங்கள் படகுகளில் இருப்பவை ஜப்பானில் லாரி ஓட்டிக் கழித்துக் கட்டிய டீசல் எஞ்சின்கள். சீக்கிரம் கரி ஏறும். ஏறினால் வால்வு முழுதாக மூடாது, எஞ்சின் இழுக்காது. புயல் மாதங்களில் நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

உடைந்த ரம்பத் தகட்டால் கரியைச் சுரண்டி, பொடியை வாயால் ஊதித் தள்ளுவார். பிறகு அரைக்கும் பசை தடவி, வால்வை அதன் இருக்கையில் வைத்து, ரப்பர் முனை வைத்த குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே கடைவார். கடைசியில் புகை வெளியேறும் துளையில் வாயை வைத்து உறிஞ்சுவார். வால்வு காற்று விடாமல் மூடியிருந்தால் நாக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும். இழுத்து எடுக்கும்போது ‘டக்’கென்று சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் படகுக்காரர்கள் கள்ளை ஊற்றுவார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பதெல்லாம் வேலை தெரியாதவன் செய்வது என்பது ஊரின் முடிவு.

ஊதி ஊதி உள்ளே போன பொடி நெஞ்சில் தங்கியது. சுகாதார நிலைய நர்ஸ் வேலையை நிறுத்தச் சொன்னாள். “நெஞ்சுல இருக்கற கரியைச் சுரண்ட ஒரு ஆளு சொல்லு, நிறுத்திடறேன்” என்றாராம். அந்தப் பொடியைப் பற்றிக் கல்லூரியில் நானும் படித்திருக்கிறேன். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி அவர் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, படித்ததை அவரிடம் சொல்லி என்ன ஆகும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள், பயணிகள் படகு வைத்திருந்த இஸ்கோ தன் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றிக் கொண்டுவந்தான். மறுநாள் சந்தைக்குப் படகு போயாக வேண்டும். பாசியோ சுரண்டினார், கடைந்தார். முதல் வால்வு ‘டக்’ என்றது. இரண்டாவதும். மூன்றாவதில் வாயை வைத்தவர் இருமினார். மறுபடி வைத்தார். மறுபடி இருமல். துப்பியது கறுப்பாக இருந்தது.

“விடுங்க நோங், நீங்க தொட்டாலே போதும். மாட்டிடலாம்” என்றான் இஸ்கோ.

“நான் என்ன பாதிரியாரா, தொட்டா போதும்ங்கறதுக்கு?”

அவர் மனைவி குளோரிங் மீன் உரசிக்கொண்டிருந்தாள். “உதட்டாலேயே ஒரு டக் போட்டுட்டு எந்திரி, பாசியோ. இவனுக்கென்ன தெரியப்போவுது?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். உதட்டால் அவர் அந்தச் சத்தத்தை எழுப்பியிருந்தால் எங்கள் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

“மண்ணெண்ணெய் எடுத்தா” என்றார்.

இஸ்கோவின் முகம் மாறியது. “மண்ணெண்ணெயா?”

“ஏன், உன் வீட்டு எண்ணெயவா கேட்டேன்?”

துளையில் ஊற்றினார். மூன்றாம் வால்வின் விளிம்பில் ஈரம் மெல்லப் படர்ந்து ஒரு சொட்டு விழுந்தது. மறுபடி பசை தடவிக் கடையத் தொடங்கினார். நாலு சுற்றில் மூச்சு வாங்கியது. குளோரிங் மீன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து குச்சியை வாங்கிக்கொண்டாள்.

“அழுத்தாத, கழுத.”

“இத்தன வருசமா உன்னக் கடைஞ்சவளுக்கு இது தெரியாதா?”

இஸ்கோ சிரிக்கவில்லை. இரண்டாம் முறை எண்ணெய் கசியவில்லை. மீதி வால்வையும் அப்படியே பார்த்து முடித்தார்கள். மறுநாள் படகு சந்தைக்குப் போய்த் திரும்பியது. ஒரு குறையும் இல்லை.

இஸ்கோ நல்லவன். அதற்குப் பிறகும் வந்தான். மீன் கொண்டுவந்தான், இருமல் மருந்து வாங்கி வந்தான். “உடம்ப வருத்திக்காதீங்க நோங். ஓய்வெடுங்க” என்றான். சத்தம் வராத கதையை அவன் எங்கே சொன்னான், யாரிடம் சொன்னான் என்று தெரியாது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கசிவைக் கண்டுபிடித்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார் என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த மழைக்கு முன் இஸ்கோவின் எஞ்சின் மேல்பாகத்தை மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். பாசியோவின் கொட்டகையைத் தாண்டித்தான் படகுத்துறைக்குப் போக வேண்டும். எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை, அக்கரை நகரத்துப் பட்டறைக்கு என்று அவர்களும் சொல்லவில்லை.

மேல்பாகம் திரும்பி வந்து மாட்டியாகி, மூன்றாம் நாள் காலை இஸ்கோவின் படகு கிளம்பியது. பாசியோ வாசலில் நின்று காதைக் கொடுத்தார். ஒரு இடறல், ஒரு தப்பிய அடி வந்துவிடாதா என்று அவர் காத்திருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சின் சத்தம் சீராகப் போய் மேற்கே தேய்ந்தது.

“எப்படி நோங்?” என்றேன். வேறு கேட்கத் தெரியவில்லை.

“நல்லாத்தான் பண்ணியிருக்கான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.