நான் பூசிய நீலம்

டெல்லி துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டில் டேங்கர் வந்தால்தான் தண்ணீர். ஆனால் ஹால் சுவரில் ஓர் அணையே நிரம்பி நிற்கிறது. "அதுல ஒரு குழாய் வச்சுக் குடுங்களேன்" என்பாள் என் மனைவி.

நான் பிறந்த காலத்தில், அணை கட்டுவதற்கு முன்னால், தமிழ்நாட்டு மலையடிவாரம் ஒன்றை அளந்து வரைந்த தாள் அது. வரைபட அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், தண்ணீர் எதுவரை நிற்கும் என்று அதன்மேல் நீலம் பூசியவன் நான். பிசிறே இல்லை என்று மேலதிகாரி முதுகில் தட்டினார். பிற்பாடு வந்த வரைபடங்களெல்லாம் அதைப் பார்த்துப் போட்டவைதான். தாளைக் கழித்துக்கட்டியபோது கேட்டு வாங்கி ஃபிரேம் போட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தலையெழுத்து, காபி ஆறும்வரை அதன் பெருமையைக் கேட்டாக வேண்டும்.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண் அந்த அணைப் பக்கத்துக்காரி. அதனாலேயே அவளுக்கு என் பிரசங்கம் ஒரு பங்கு கூடுதல். போன வாரம், ஒரு கையில் தூசி தட்டுகிற துணி, மறு கையில் போனோடு வந்து நின்றாள். ஊரில் அவள் அம்மா வீட்டுக்குக் கரண்ட் கேட்டு எழுதியதற்குப் பதில் வந்திருந்தது. வரைபடத்தின்படி அந்த இடம் அணைக்குள் இருக்கிறதாம், இணைப்பு தர இயலாதாம்.

"தண்ணி எங்கயோ கீழ கெடக்குது ஐயா. அம்மா தனியா சிம்னி வெளக்கோட அல்லாடுது. நீங்க மேப் ஆபீஸ்காரர், நல்லா ஒறைக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க."

"எந்த மடையன் வரைஞ்சான்?" என்று குதித்தேன். "டெல்லியில ஃபேனுக்கடியில உக்காந்துக்கிட்டு ஊரை முழுக்குறானுங்க!"

ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு சுவரருகே போனேன். நீலத்துக்கு அடியில், கரையோரமாக நாலைந்து கறுப்புப் புள்ளிகள், வீடுகள். மேட்டின் உயரம் காட்டும் கோடுகள் நெருக்கியடித்து ஓடுகிற சரிவு அது. 'ஜல்தி, ஜல்தி' என்று மேலதிகாரி நச்சரித்த ஒரு மத்தியானம், நீலம் பூசுகையில் ஒரு கோடு மேலே தாவியிருக்கிறேன்.

"இருக்கா ஐயா?"

"இருக்கும்மா. அந்த மடையன் நான்தான். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

திட்டியிருக்கலாம். அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள், ஃபிரேம் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா தினம் தொடைக்கிறேனே ஐயா" என்றாள். "எங்கம்மா தலைக்கு மேலயா தொடச்சிட்டிருந்தேன்?"