அமோனியா தெறித்த மதியம்

வேலை கிடைத்த அன்று ஜாலான் புசாரிலிருந்து தேக்கா வரைக்கும் பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வந்தேன். எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் என்றால் எனக்கு உயிர், ஆனால் மேலே படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. இரும்புச்சாமான் கடை ஒன்றின் மாடியில் இருந்த சின்னச் சோதனைக்கூடத்துக்கு உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல் நேரே போய் நின்றேன். அதை நடத்தியவர் ஐம்பது வயதுச் சீன அம்மையார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கண்ணாடிக் குழாயில் இருக்கும் திரவத்தை மேல் விளிம்பைப் பார்த்து அளப்பாயா, கீழ் வளைவைப் பார்த்து அளப்பாயா என்றார். "கீழ் வளைவு" என்றேன். "திங்கட்கிழமை வா" என்றார்.

அன்றைக்கே தேக்கா சந்தைக்குப் பக்கத்துத் தையற்காரரிடம் வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். "என்னம்மா, டாக்டராயிட்டியா?" என்றார்.

"இல்ல மாமா, ரப்பர் பால் டெஸ்ட் பண்ணப் போறேன்."

"அதுக்கு எதுக்கும்மா கோட்டு?" என்றவர், தைத்துக் கொடுத்தபோது நான் கேட்காமலேயே இரண்டு பைகள் வைத்திருந்தார்.

தோட்டங்களிலிருந்து பீப்பாய்களில் வரும் ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்க அதில் அமோனியா கலந்திருப்பார்கள். கப்பலேறுவதற்கு முன் அதில் ரப்பர் எவ்வளவு, அமோனியா எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. எங்கள் உபயோகத்துக்கும் கடுமையான அமோனியா பழுப்பு நிறப் பெரிய கண்ணாடி பாட்டில்களில் வரும். முதல் நாள் தெரியாமல் மூடிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். யாரோ மூக்கில் குத்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, தொண்டை அடைத்துக்கொண்டது. பயப்படுவதற்குப் பதிலாக எனக்கு ஒரே உற்சாகம். பாடப் புத்தகத்தில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணுமாகக் கிடந்த பொருள் என்னை நேரில் அடித்துவிட்டதே! பாட்டில் வந்த பெட்டிக்குள் எச்சரிக்கைத் தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. எல்லோரும் அதைக் குப்பையில் போடுவார்கள். நான் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வரி விடாமல் படித்தேன்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். முப்பது வயதிருக்கும். உட்லண்ட்ஸிலிருந்து வருவார். கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடல் குழுவில் பாடுகிறவர், மற்ற ஆறு நாளும் எங்களுக்குப் பாடுவார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கெட்டிக்காரர், வேகமான கை. பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கண்ணுக்கு வராது, எப்போதும் நெற்றியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும்.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு நாள் காலையில் லாரிக்காரர் புதிய பாட்டில்களைக் கீழே கடைவாசல் நடைபாதைக்கு வெளியே தெருவோரத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் கவனிக்கவில்லை. மேலே தூக்கி வந்தபோது மதியம் ஒரு மணி. வெயில் நேராக விழுந்து பாட்டில் சுட்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து மாதிரிகளுக்கு முடிவு சொல்லியாக வேண்டும்.

"அண்ணே, பாட்டில் சுடுது. கொஞ்ச நேரம் ஐஸ் தண்ணியில வச்சுட்டுத் திறப்போம்" என்றேன்.

"ஐஸ்ல வைக்க இது என்ன பீரா, தங்கச்சி?"

"அந்தத் தாள்ல போட்டிருக்குண்ணே. சூடானா உள்ளே அழுத்தம் ஏறுமாம். குளிர வச்சு, மூடி மேல துணி போட்டுத்தான் திறக்கணுமாம்."

"எழுதினவன் குளிர் நாட்டுக்காரன் லா. அவன் எல்லாத்துக்கும் பயப்படுவான்."

"குளிர் நாட்டுக்காரனே ஐஸ்ல வைன்னு சொல்றான்னா, நம்ம ஊர் வெயிலுக்கு என்ன சொல்வான்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீ ஐஸ் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நான் அஞ்சையும் முடிச்சுடுவேன், பாரு."

பார்ப்போமே என்று வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூலைக் கோப்பிக்கடையில் ஐஸ் கிடைக்கும். நான்கு படி இறங்கியிருப்பேன். மேலே 'டப்' என்று ஒரு சத்தம். உடனே அவருடைய அலறல்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். மேசைமேல் பாட்டில் திறந்தபடி நின்றது. அவர் இரண்டு கையாலும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் மோதிக்கொண்டிருந்தார். கண்ணாடி நெற்றியில் பத்திரமாக இருந்தது. அறைக்குள் கால் வைத்ததும் என் கண்ணும் எரிந்தது, மூச்சு இழுக்க முடியவில்லை. வாசலுக்குத் திரும்பி நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தேன். கூடத்தின் பின்பக்கம், ஜன்னலோரம், பாத்திரம் கழுவும் தொட்டி. குழாயில் ரப்பர்க் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். அவர் தலையைத் தொட்டிக்குள் சாய்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

"கையை எடுங்கண்ணே!"

"எரியுது, விடு! விடு!"

கையை எடுத்தாலும் கண் திறக்கவில்லை. மூடிய இமைமேல் தண்ணீர் ஊற்றி என்ன பிரயோசனம்? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து இமையை இழுத்துப் பிரித்தேன். மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல கண்ணுக்குள் போய்விடும். இதுவும் அந்தத் தாளில் படித்ததுதான். அவர் திமிறினார், முழங்கையால் என் விலாவில் இடித்தார். கெட்ட வார்த்தையே பேசாத மனிதர், அன்றைக்குப் பேசினார். நான் விடவில்லை. என் கை அவர் இமையில் வழுக்கும்போதெல்லாம் மறுபடி பிடித்தேன்.

சத்தம் கேட்டு அலுவலக அறையிலிருந்து அம்மையார் ஓடி வந்தார். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. அலமாரியில் உறை பிரிக்காமல் கிடந்த முகமூடியைக் கிழித்தெடுத்து மாட்டிக்கொண்டு அறைக்குள் போனார். பாட்டிலை மூடினார், ஜன்னல்களைத் தள்ளித் திறந்தார், சிந்தியதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கீழேயிருந்து இரும்புக்கடைக்காரர் மலாயில் "என்ன நாற்றம், என்ன நாற்றம்!" என்று கத்தினார். "டாக்ஸியை நிறுத்து!" என்று ஜன்னல் வழியாகவே அம்மையார் பதில் கத்தினார்.

டாக்ஸி உடனே வந்துவிட்டது. ஆனால் நான், தாளில் போட்டிருந்த இருபது நிமிடம் ஆகாமல் கிளம்ப மாட்டேன் என்றேன். சுவர்க் கடிகாரத்தில் நேரம் பார்த்து வைத்திருந்தேன். முதலாளியிடம் நான் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கழுவி வைத்திருந்த காலி பாட்டில்களில் சுத்தமான தண்ணீர் பிடித்து என் காலடியில் வரிசையாக வைத்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் பின் சீட்டில் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே போனேன். டாக்ஸிக்காரர் சீட்டு நனைகிறது என்று முதலில் திட்டினார். முன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தவர், அதற்குப் பிறகு சிவப்பு விளக்குக்கு மட்டும்தான் நின்றார்.

கண் டாக்டர் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் கழுவினீங்க?"

"அங்க இருபது நிமிஷம். அப்புறம் வழி பூரா."

"உடனேயா?"

"உடனே."

அவர் நீளமாக மூச்சுவிட்டார். அமிலம் பட்டால் மேலோடு சுடுமாம், அமோனியா மாதிரியானது உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகுமாம். "கழுவாம இங்க கொண்டுவந்திருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காது. இப்ப பார்வை வரும்னு நினைக்கிறேன்" என்றார். அப்போதுதான் என்னையே குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கோட்டு முழுக்க நனைந்து, செருப்பு ஒரு காலில் மட்டும் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், சிரிக்கவும் செய்தேன். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி பயந்துபோய் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து, சோதனைக்கூடத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் தூக்கு. முகத்தில் சிரிப்பில்லை.

"என் வீட்டுக்காரர் மூஞ்சில நகம் போட்டது யாரு?"

"நான்தான்க்கா. இமையைப் பிடிக்கும்போது..."

"கன்னத்துல மூணு கீறல். காதுக்குக் கீழ ஒண்ணு. தெரியுமா?"

"மன்னிச்சுக்குங்கக்கா."

அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். "இன்னிக்குக் காலையில கண்ணுக் கட்டைப் பிரிச்சாங்க. எதிர்ல தொங்குற காலண்டர்ல தேதியைப் படிச்சாரு. பெரிய எழுத்துதான். ஆனா படிச்சாரு" என்றவர், மேலே பேச முடியாமல் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். தூக்கில் கோழிக்கறி இருந்தது. அம்மையாருக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். உறைப்பில் அம்மையாரின் கண் கலங்கியது. அமோனியாவே தேவலை என்றார்.

அண்ணன் ஒரு மாதத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். வலது கண்ணில் லேசான மங்கல் மட்டும் தங்கிவிட்டது. பாட்டும் திரும்பியது, பாதுகாப்புக் கண்ணாடி மூக்கில் இறங்கியது. "இவளைக் கேட்காம நான் சோடா பாட்டில்கூடத் திறக்கிறதில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அதற்குள் அம்மையார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் எழுதித் தரச் சொல்லியிருந்தார். கண் கழுவ நேரே மேல்நோக்கிப் பீய்ச்சும் குழாய், பெரிய ஐஸ் பெட்டி, முழங்கை வரை வரும் கையுறை, பாட்டில்களை வெயில் படாமல் வைக்கக் கீழ்த்தளத்தில் ஓர் இடம் என்று எழுதினேன். எழுதியது எல்லாவற்றுக்கும் நேராக அவர் சரி என்று குறி போட்டார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "மாலை வகுப்பில் வேதியியல் டிப்ளோமா இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ஐந்து மணிக்கே நீ போகலாம்" என்றார்.

அடுத்த வாரமே போய்ப் பெயர் பதிந்தேன். எட்டு மணிக்கு வகுப்பு முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்துச் சீட்டுக்காரரைக் கூப்பிட்டு "நான் கெமிஸ்ட்ரி படிக்கிறேன்" என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது.