மடியில் கட்டிய எடைக்கல்

அரியலூரில் ஒரு பருத்திக் கடையில் இருபது வருடமாக எடை போடுகிறேன். மூட்டைக்குள் கையை விட்டதுமே, எடை ஏற விவசாயி தண்ணீர் தெளித்திருப்பது தெரிந்துவிடும். கேட்டால், பங்குனி வெயிலில் நின்றுகொண்டு, “ராத்திரி பனிங்க” என்பார்கள். அந்தப் பேச்சுக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும். அப்படிப்பட்ட நான்தான் என் மச்சானுக்கு எடைக்கல் கொடுத்தேன்.

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். குன்னம் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். நாக்கின் அடியில் புற்று என்றார்கள். முப்பத்தைந்து நாள் கரண்ட் வைக்க வேண்டும். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. முதல் நாள், வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையொன்றை முகத்தில் அமுக்கி அவர் அளவுக்கு மூடி செய்தார்கள். அதை மாட்டி மேசையோடு இறுக்கினால் தலை அசையாது, கரண்ட் குறித்த இடத்தில் விழும்.

“சல்லடைய மூஞ்சில கவுத்துடுறாங்க மாப்ள,” என்றார் மச்சான். “பேசக் கூடாதாம். ஒங்கக்காவால இத்தன வருசமா முடியாதத மிசினு முடிச்சிருச்சு.”

டாக்டரம்மா அன்றே சொன்னார்: “எடை குறையாம பாத்துக்குங்க. முகம் வத்துனா மூடி லூசாயிடும். அப்பறம் திரும்ப ஸ்கேன் எடுத்து, கரண்ட் போற வழிய மாத்தணும்.”

வராந்தாவில் பக்கத்து நாற்காலிக்காரர், தனக்கு அப்படி மாற்றுவதற்காக ஒரு வாரம் நிறுத்திவிட்டார்கள் என்றார். மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தினால் கட்டி மறுபடி வளர்ந்துவிடும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. திங்கள்தோறும் எடை பார்ப்பார்கள். அன்று நானும் பெரம்பலூர் போய் அவரோடு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவேன்.

“மாப்ள, ஒங் கடையில பழைய எடைக்கல்லு சும்மாதான கெடக்கு?”

“எதுக்குங்க மச்சான்?”

“எனக்குத்தான். பருத்திய நனைச்சு எடை ஏத்துனவனால என்னைய நனைக்க முடியல. தண்ணி உள்ள எறங்கமாட்டேங்குது.”

நான் சிரித்துவிட்டேன். அந்த வாரம் ஒரு கிலோ கல் கொண்டுபோனேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. வேட்டி மடியில் வைத்துத் துண்டால் இறுக்கி, மேலே தொளதொளச் சட்டை. எடை மிசின் முன்பிருந்த எண்ணையே காட்டியது. மூடி மாட்டுகிற தம்பி லூசாக இருக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம், “கச்சிதமா இருக்கு தம்பி” என்பார் மச்சான். டாக்டரம்மாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஐந்தாவது வாரத் தொடக்கத்தில் அந்தத் தம்பியின் இரண்டு விரல் மூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே போய்வந்தது. மறுபடி எடை பார்க்க அழைத்துப் போனார்கள். துண்டை அவிழ்க்கச் சொன்னதும் கல் மூன்றும் தரையில் விழுந்து உருண்டன. டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு தாளில் முகம் வரைந்து, காதுக்குக் கீழே வட்டம் போட்டார்.

“இதுதான் எச்சி ஊறுற எடம். மொதல்ல கரண்டுக்கு வெளியில இருந்துச்சு. முகம் வத்த வத்த உள்ள வந்துடுச்சு. ரெண்டு வாரமா இது மேலயும் பட்டிருக்கு.”

“இப்ப மாத்துனா எத்தன நாள் நிறுத்துவீங்கம்மா?” என்றார் மச்சான்.

“ரெண்டு நாள். அப்பவே மாத்தியிருந்தாலும் ரெண்டு நாள்தான்.”

“எச்சி திரும்ப ஊறுங்களா?” என்று நான் கேட்டேன்.

“கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். பட்டது பட்டதுதான்.”

புது மூடி செய்து, வழியை மாற்றி, மிச்ச நாளையும் முடித்தார்கள். கட்டி கரைந்துவிட்டது என்கிறார்கள். எச்சில் வரவில்லை. ஒரு வருடம் ஆகப்போகிறது. சோறு வாயில் மணலாகக் கிடக்கிறதாம். எடை இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கல் கொடுத்தது யார் என்று அக்காவிடம் அவர் சொல்லவில்லை. சொல்ல நினைத்தாலும், இரண்டு சொல்லுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். பேச்சையே விட்டுவிட்டார்.

அக்கா தினமும் மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அவர் முன்னால் வைக்கிறாள். சாப்பிட இல்லை, பார்க்க. “ஊறுதாங்க?” என்று கேட்கிறாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இல்லையென்று தலையாட்டுகிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வாயெல்லாம் ஊறுகிறது. அவர் பார்க்காதபோது விழுங்குகிறேன்.