பதினைந்தாம் பாரம் இடம் மாறிய கதை

1. கண்டக்டர் வந்தார்

வியாழக்கிழமை காலை. திருநெல்வேலி டவுணில் எங்கள் நூலகத்தின் பின்னறையில் பசை கிண்டிக்கொண்டிருந்தேன். என் வேலை பைண்டிங். படித்தது ஐந்தாம் வகுப்பு. இருபத்திரண்டு வருடமாகப் புத்தகம் தைக்கிறேன்.

மாரியப்பன் உள்ளே வந்தார். டவுண் பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோளில் பை. கையில் நான் போன வாரம் பைண்ட் பண்ணிய நாவல்.

"பேச்சியக்கா, இவன் லண்டனுக்கு வந்துட்டாம்லா? பெறகு ஏன் கடலுக்குள்ள கெடக்கான்?"

"எவன்?"

"பந்தயம் கட்டுனவன்க்கா! உலகத்தையே சுத்தி வந்து நிக்கான். பக்கத்தைத் திருப்புனா கப்பலோட சுழல்ல சுத்துதான்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்க எண் சரி. 224, அடுத்து 225. முதல் நாலு வரியைப் படித்தேன். அவை இன்னொரு நாவலின் வரிகள்.

2. என் தப்பு

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் மேல் பெரிய பிரியம். செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆன மனுஷன். அவருடைய சாகச நாவல்கள் ஆறு தமிழில் எங்களிடம் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி. இப்போது கடையில் கிடைப்பதில்லை. ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். அவரவர்க்குப் பிடித்த நாவலைப் பற்றிப் பேசி, கடைசியில் ஓட்டுப் போட வேண்டும்.

அதற்காக ஆறையும் ஒரே வாரத்தில் தைக்கச் சொன்னார்கள். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தின் அடியிலும் அதன் எண் இருக்கும். பக்கத்திலேயே சின்னதாகப் புத்தகத்தின் பேரும் போடுவார்கள். இவற்றை அச்சடித்தவர்கள் எண் மட்டும்தான் போட்டிருந்தார்கள். ஆறும் ஒரே அளவு, ஒரே எழுத்து. அவசரத்தில் ஆறையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டேன். பந்தயக் கதைக்கும் கடல் கதைக்கும் பதினைந்து பாரம். பதினைந்தாவது மாறிப் போய்விட்டது. நான் எண்ணைத்தான் பார்த்தேன். எழுத்தைப் பார்க்கவில்லை.

"முடிவு என்னன்னு ஃபோன்லயே பாத்துரலாமே" என்றார் நூலகர் அம்மா.

மாரியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லிராதீங்கம்மா! பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்குத நேரத்துல நாலு நாலு பக்கமாப் படிச்சது. ஒருத்தன் வாயால கேக்கதுக்கா?"

அன்றைக்கே வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். யாராவது முடிவைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம்.

ஞாயிறு கூட்டத்தில் அவரும் பேசுவதாக இருந்தது. மைக் முன்னால் அதுவரை நின்றதில்லை. வீட்டுக்காரியும் இரண்டு மகள்களும் பார்க்க வருவதாக ஏற்பாடு. "முடிவு தெரியாம என்னத்தப் பேச? ஆளுக சிரிப்பாளுவ. என் பிள்ளைய முன்னாலயா?" என்றார். கடல் கதை யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டைப் புரட்டினேன்.

3. கூடங்குளம்

கடல் கதையைக் கூடங்குளத்து எஸ்தர் டீச்சர் எடுத்துப் போயிருந்தார். பாளையங்கோட்டையில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமை ராத்திரிதான் ஃபோனை எடுத்தார். "சர்ச் முடிஞ்சு பதினொண்ணரைக்கு வீட்டுல இருப்பேன். வா" என்றார்.

ஞாயிறு காலை பஸ் ஏறினேன். பையில் கத்தி, ஊசி, நூல்.

டீச்சர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடங்கினார்.

"என்ன அருமையான முடிவு பேச்சியம்மா! அந்தக் கேப்டன் பாவம், மனுஷ முகமே வேண்டாம்னு கடலுக்குள்ளயே கெடந்தாரு. கடைசியில கோட்டுப் போட்டுக்கிட்டு கிளப்புக்குள்ள நடந்து வாராரு. கல்யாணமும் முடிக்காரு! எனக்கு அழுகையே வந்துட்டு."

"டீச்சர், அது வேற ஆளு."

"வேற ஆளா?"

"வேற புத்தகம். நான் மாத்தித் தச்சுட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"பேரு வேறயாத்தான் இருந்துச்சு. ஒளிஞ்சு வாழ்ந்த ஆள்லா, கரைக்கு வந்ததும் பேரை மாத்திக்கிட்டாராக்கும்னு நெனச்சேன்!" என்றார்.

தையலை அறுத்துப் பதினைந்தாம் பாரத்தை எடுத்தேன். ஒரு செய்தித்தாளில் சுற்றினேன். டீச்சர் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். "நானும் வாரேன். அந்தக் கண்டக்டரைப் பாக்கணும்."

பஸ்ஸில், தான் இன்னும் படிக்காத பந்தயக் கதை நீங்கலாக மற்ற ஐந்து நாவலின் கதையையும் எனக்குச் சொன்னார். நாங்குநேரியில் டீக்கு நிறுத்தினார்கள். பத்து நிமிடம் என்றார்கள். இருபது ஆயிற்று. டிரைவர் வடையைப் பிட்டுப் பிட்டுத் தின்றார்.

"அண்ணாச்சி, நாலு மணிக்கு டவுணுக்குப் போகணும்" என்றேன்.

"என்னம்மா, பொண்ணு பாக்க வாராகளா?"

"ஒருத்தருக்குக் கதை முடியணும்."

டிரைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மீதி வடையை வாயில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

4. கூட்டம்

போய்ச் சேர்ந்தபோது நாலே கால். மாரியப்பன் வாசலிலேயே நின்றார். அன்றைக்குச் சாயங்காலம் லீவுக்காக முந்தின நாள் டபுள் டூட்டி பார்த்தவர். கண் சிவந்திருந்தது. வெள்ளைச் சட்டை, புது வேட்டி. பாரத்தைக் கையில் கொடுத்தேன். பின்னறைக்குள் ஓடினார்.

மைக்கில் அப்போது அல்வாக்கடை அண்ணாச்சி. அவருக்குப் பிடித்தது தீவுக் கதை. எப்போதும் அவரை நிறுத்துவதுதான் பாடு. நூலகர் அம்மா அவர் காதருகே போய், "அண்ணாச்சி, பைய பேசுங்க. அவசரமே இல்ல" என்றார். அண்ணாச்சிக்கு நம்ப முடியவில்லை.

"ஒண்ணுமே இல்லாமப் போயி விழுந்தானுவ. செங்கல் சுட்டானுவ, இரும்பு உருக்குனானுவ. என் கடையில கிண்டுத கரண்டி ஒடஞ்சா ஆள் தேடி அலையுதேன்..." அப்படியே இருபது நிமிடம் போனார்.

திடீரென்று பின்னறையிலிருந்து ஒரு சத்தம்.

"ஏ, வந்துட்டான்! வந்து சேந்துட்டாம்லே!"

அரங்கம் முழுக்கத் திரும்பியது. மாரியப்பன் பாரத்தை ஆட்டிக்கொண்டு நேராக மைக்குக்கு வந்தார். எழுதி வைத்திருந்த சீட்டு பையிலேயே இருந்தது.

"தோத்துட்டோம்னு வீட்டுல உக்காந்துட்டான்வே. கெழக்கு நோக்கியே சுத்துனதுல ஒரு நாளு மிச்சமாக் கையில இருக்கு. அது அவனுக்கே தெரியல! இருவது வருசமா நேரம் பாத்து விசில் ஊதுதேன், எனக்கும் தெரியல. பெறகு பாருங்க, ஓடுதான்... ஓடுதான்..."

சின்ன மகள் பெஞ்சில் ஏறி நின்று கைதட்டினாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் டீச்சர் கடைசியாகப் பேசினார். "எனக்குப் பிடித்தது பேச்சியம்மாள் தைத்த நாவல். உலகத்திலேயே ஒரு பிரதிதான் இருந்தது. இன்று மத்தியானம் அதையும் அறுத்துவிட்டாள்" என்றார். சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. நானும் சிரித்தேன்.

ஓட்டில் ஜெயித்தது தீவுக் கதை. மாரியப்பன் அதைக் கவனித்த மாதிரியே இல்லை. மகள்களுக்கு அந்தக் கடைசிப் பாரத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் இரண்டையும் சரியாகத் தைத்தேன்.

பைண்டிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒன்றைத் தைத்து முடித்த பிறகு அடுத்ததைப் பிரியுங்கள். பாரம் சேர்க்கும்போது எண்ணோடு நிற்காமல், முந்தின பாரத்தின் கடைசி வரியையும் அடுத்ததன் முதல் வரியையும் சேர்த்துப் படியுங்கள். கால் மணி நேரம் கூடுதலாகும். ஆகட்டும். அந்த இடத்தில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவார்.