நைனா அனுப்பிய முட்டிவலிப் பொடி

உட்ரெக்டில் என் கீழ்வீட்டுக்காரர் வில்லெம், ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போகிறாய் என்று ஒருநாள் கேட்டார். செல்களுக்குச் சாப்பாடு போட, என்று புதிதாகக் கற்ற டச்சு மொழியில் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுவாரம் வாசலில் ஒரு பை ஆப்பிள் இருந்தது. டச்சில் செல் என்றால் சிறை அறையும்தான் என்பது, ஆய்வகத்தில் இதைச் சொன்னபோதுதான் தெரிந்தது. கைதிகளுக்காக வாங்கி வைத்திருக்கிறார் பாவம்.

நான் பார்த்துக்கொண்டது ஆய்வகத் தட்டுகளில் வளரும் மனித செல்களை. மின்மினிப் பூச்சியின் மரபணு ஒன்றை அவற்றுக்குள் சேர்த்திருந்தோம். மன அழுத்தத்தில் நம் உடம்பு சுரக்கும் கார்ட்டிசால் பட்டாலும், அதைப்போல் வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து பட்டாலும் அவை ஒளிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒளி. கருவிதான் அதை எண்ணாக்கிக் காட்டும். புது மருந்துகளைச் சோதிக்க அவை உதவின. இதை ஊரிலிருக்கும் அப்பாவுக்கு, எங்கள் வாயில் நைனாவுக்கு, போனில் விளக்கியபோது, “மின்மினியப் புடிச்சி வேலை வாங்கினுகீறியாம்மா?” என்று கேட்டுச் சிரித்தார்.

நைனா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் உலையைப் பார்த்துக்கொள்ளும் ஃபர்னஸ் ஆள். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். மாதச் சம்பளம் என்று ஒன்றை எங்கள் குடும்பத்தில் முதலில் கண்டவர் இவர்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் சட்டையிலிருந்து சூடான இரும்பின் வாசனை வரும்; எனக்கு அது பிடிக்கும். வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்ததில் முட்டி இரண்டும் போய்விட்டன. நான் நெதர்லாந்து வந்த இரண்டாம் வருடம், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து சைக்கிளில் வருகிற ஒருவரிடம் மூலிகைப் பொடி வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். வலி பறந்துவிட்டது என்றார் அம்மா. மாடிப்படி ஏறுகிறார், மில்லில் நாலு பேருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று தம்பி குமார் சொன்னான்.

எனக்கும் நின்று நின்று இடுப்பு வலி என்று எப்போதோ சொன்னதை நைனா மறக்கவில்லை. கருவாட்டோடு அந்தப் பொடியும் ஒரு போட்டோவும் பார்சலில் வந்தன. போட்டோவில் நைனா உப்பலான கன்னங்களோடு இருந்தார். முகம் தேறிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு மேசையில் நிறுத்தி வைத்தேன். டீ குடிக்கும்போது மறுபடி பார்த்தேன். முகம் நிலா மாதிரி உருண்டிருந்தது. கைகள் மட்டும் குச்சியாய் இருந்தன. ஸ்டீராய்டு அதிகமானால் முகம் இப்படித்தான் உருளும் என்று படித்திருந்தேன்.

மேலாளர் மரைகேயிடம் அனுமதி கேட்டு, பொடியைக் கரைத்துச் செல்களில் விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துத் தட்டில் என் சமையலறைச் சுக்குப் பொடி. மறுநாள் சுக்குத் தட்டில் ஒளி இல்லை. நைனாவின் பொடிக்கு எண்கள் ஏறிக்கொண்டே போயின. எந்த மருந்து என்று இது சொல்லாது, ஆனால் ஸ்டீராய்டு போல வேலை செய்யும் ஏதோ கலந்திருக்கிறது என்றாள் மரைகே. சோதனை இவ்வளவு தெளிவாக வந்ததற்கு என்னைப் பாராட்டவும் செய்தாள். பாராட்டை நான் எப்படி வாங்கிக்கொள்வேன்? கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு போன் செய்தேன்.

“நைனா, அந்தப் பொடில ஸ்டீராய்டு கலந்துகீது. ஆனா இன்னிக்கே நிறுத்திடாத. டாக்டராண்ட போ. அவர் சொல்ற மாதிரி கொஞ்சங் கொஞ்சமாத்தான் உடணும்.”

“கெட்டதுன்ற, நிறுத்தாதன்ற. இன்னா பேஜாருமா இது?”

வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், திடீரென்று விட்டால் ஆள் சுருண்டு விழலாம் என்று விளக்கினேன். அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கோ பயத்தில் டச்சும் இங்கிலீஷும் கலந்து வந்தன. கடைசியில் கேட்டேன்: “நைனா, ஃபர்னஸ ஒரேடியா அணைப்பியா?”

“உள்ள செங்கல்லு வெடிச்சிடும்,” என்றார். “செரிம்மா. டாக்டராண்ட போறேன்.”

குமார் திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். மாத்திரையாக மாற்றி, அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். தான் பொடி வாங்கிக் கொடுத்தவர்களின் வீடுகளுக்கு நைனாவே நொண்டிக்கொண்டு போய்ச் சொல்லி, அவர்களையும் டாக்டரிடம் கூட்டிப்போனார். மாதங்கள் போக முகம் வடிந்தது. “உங்க நைனா இளைச்சிட்டாரே” என்று அம்மா போனில் அழுதார். வலியும் முழுசாகத் திரும்பி வந்தது. மில்லில் நைனாவை வாசல் கேட் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். என்மேல் அவருக்கு வருத்தமில்லை. “அந்த ஆறேழு மாசம் வலி தெரியாம நல்லாத்தான்மா இருந்துச்சி,” என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

அடுத்த லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, வேண்டாமென்றும் கேட்காமல் நைனா வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தார். நடைமேம்பாலத்தின் பாதிப் படியில் முட்டி மடங்காமல் நின்றுவிட்டார். கீழே சென்னை வண்டி நுழைந்துகொண்டிருந்தது. “நீ போம்மா, வண்டி பூடும்,” என்றார். ஒரு கையில் பெட்டி. மறு கை அவர் முழங்கையில். பெட்டியை மேல்படியில் வைத்தேன். என் கால் அவர் நின்ற படியிலேயே இருந்தது; முழங்கையையும் விடவில்லை.